மலை இல்லாத ஊரும் வேட்டை சைக்கிளும்

மொதல்ல ஒரு கேள்வி. மயிலாப்பூர் தெப்பக்குளத்துலேர்ந்து அடையாறு சிக்னல் வரைக்கும் சைக்கிள்ல போனா வழியில எத்தனை மலை வரும்? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணு, திரு.வி.க. பாலம். தி.நகர் பக்கம் திரும்பினீங்கன்னா உஸ்மான் ரோடு மேம்பாலம். அதையும் விட்டா பரங்கிமலை. மொத்தமே முன்னூறு அடி, அதுக்கும் உச்சி வரைக்கும் ரோடு போட்டாச்சு. இப்பேர்ப்பட்ட ஊர்லதான் எந்த சைக்கிள் கடைக்குள்ள நுழைஞ்சாலும் வாசல்லயே 'மௌண்டன் பைக்' நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது. யாரைக் கேட்டாலும் அதைத்தான் வாங்கச் சொல்றாங்க.

ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்த எரிச்சல் இது. போன மாசம் என் அக்கா பையன் வந்து மூடியைத் தொறந்து விட்டுட்டான்.

ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டறவன். ஞாயித்துக்கிழமை காலையில வந்தான். "மாமா, ஒரு சைக்கிள் வாங்கணும். நீங்கதான் கூட வந்து பாத்துக் குடுக்கணும்"னான். எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் காலத்துப் பசங்க கார் லோனுக்கு அலையறப்போ நம்ம பையன் சைக்கிள் கேக்கறானேன்னு ஒரு டம்ளர் காபி எக்ஸ்ட்ராவாவே குடுக்கச் சொன்னேன். "எதுக்குடா, ஆபீஸ் போகவா?"ன்னு கேட்டேன்.

"இல்ல மாமா, காட்டுக்குப் போக."

சொல்லிட்டு மொபைல்ல ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காக்காரன் ஒருத்தன், இலைதழை போட்ட சட்டை, நாலு இஞ்ச் அகலத்துக்கு மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி டயர் வெச்ச சைக்கிள், கேரியர்ல வில். விடிகாலையில காட்டுப் பாதையில சத்தமே இல்லாம போறான். அடுத்த சீன்ல பின்னாடி ஒரு குட்டி டிராலியில கொம்போட ஒரு பெரிய மான் தலை.

"இது வேட்டைடா!"

"ஆமா மாமா." கொஞ்சம் நெளிஞ்சான். அப்புறம் மெதுவா விஷயம் வெளிய வந்துச்சு. கூட வேலை பாக்கற ஒருத்தனுக்கு தர்மபுரி பக்கம் மலையடிவாரத்துல ஊராம். லீவுக்குப் போறப்பல்லாம் ராத்திரி டார்ச் அடிச்சு முயல் புடிக்கிறது வழக்கமாம். போன தடவை பைக் சத்தம் கேட்டு ஃபாரஸ்ட்காரங்க வந்துட்டாங்களாம், தப்பிச்சதே பெரிய விஷயமாம். அதனால இந்த தடவை நாலு பேரும் ஒரே மாடல்ல நாலு மௌண்டன் பைக். "சத்தமே வராது மாமா. லைட்டை அணைச்சுட்டா ஆள் இருக்கறதே தெரியாது."

சமையல்கட்டுலேர்ந்து தங்கமணி எட்டிப் பாத்தா. "ஏண்டா, கறி வேணும்னா மந்தைவெளி மார்க்கெட்ல கோழி விக்கறானே, இதுக்கு தர்மபுரி வரைக்கும் சைக்கிள் எதுக்கு?"

நியாயமான கேள்வி. அவ ஒரு வரியில முடிச்சதை நான் கொஞ்சம் விரிச்சு எழுதறேன். ஏன்னா இவன் ஒருத்தன் மட்டும் இல்ல. வேட்டைக்குப் போறானோ இல்லையோ, அந்த வீடியோவைப் பாத்துட்டு அந்த சைக்கிளை இங்க தேடற கூட்டம் ஒண்ணு இருக்கு.

அந்த அமெரிக்காக்காரனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் ஊர்ல அதுக்கு சட்டம் இருக்கு. சீசன் இருக்கு, லைசென்ஸ் வாங்கணும், எந்த மிருகம், எத்தனைன்னு கணக்கு இருக்கு, அதைச் சரிபார்க்க ஆள் இருக்கான். அவங்க காட்டுல மரம் வெட்ட போட்ட பழைய மண் ரோடெல்லாம் ஆயிரக்கணக்கான மைலுக்கு ஓடுது. அதுல நிறைய ரோட்டுக்குக் குறுக்க கேட் போட்டு மோட்டார் வண்டி போகக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. அந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போகலாம், குதிரையில போகலாம், பல இடத்துல சைக்கிள்லயும் போகலாம். எல்க்னு ஒரு மான் இருக்கு, ஆண் மான் முன்னூறு கிலோ வரும். அதை வெட்டி எலும்பு நீக்கினா கூட நூறு கிலோ கறி தேறும். முதுகுல தூக்கினா நாலஞ்சு நடை. அதுக்குத்தான் டிராலி. பனியிலயும் மணல்லயும் புதையாம இருக்கத்தான் நாலு இஞ்ச் டயர். அங்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் இருக்கு.

இன்னொண்ணு, இது வீடியோவுல வராது. அதே அமெரிக்காவுல 1964ல ஒரு சட்டம் போட்டு 'வில்டர்னஸ்'னு சில காடுகளைத் தனியா ஒதுக்கினாங்க. அதுக்குள்ள மோட்டார் மட்டுமில்ல, சைக்கிளும் போகக்கூடாது. எறங்கி நடக்கணும், இல்லாட்டி குதிரை. துப்பாக்கியோட போக அனுமதி உண்டு, சைக்கிளோட போக அனுமதி இல்ல. நம்ம பசங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல வந்துச்சு. அப்பவும் சில மிருகங்களுக்கு லைசென்ஸ் வாங்கி சுட ஒரு சந்து இருந்துச்சு. 1991 திருத்தத்துல அந்த சந்தையும் அடைச்சாச்சு. பொழுதுபோக்கு வேட்டைங்கற சமாச்சாரமே இந்தியாவுல சட்டப்படி கிடையாது. முயலும் சரி, மயிலும் சரி. 'வேட்டை'ங்கற வார்த்தைக்கு அந்தச் சட்டத்துல குடுத்திருக்கற அர்த்தத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. கொல்றது மட்டும் இல்ல. பொறி வைக்கிறது, வலை போடறது, விரட்டறது, இரை வெச்சு இழுக்கறது, இதையெல்லாம் செய்ய முயற்சி பண்றது, எல்லாமே வேட்டைதான். பறவைக் கூட்டைக் கலைச்சாக்கூட வேட்டைதான். "நாங்க சும்மா டார்ச்தான் அடிச்சோம், முயல் தப்பிச்சுடுச்சு"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்த 'சத்தமே வராது' சைக்கிளுக்கும் அதே சட்டத்துல இடம் இருக்கு. வண்டின்னா என்னன்னு ஒரு விளக்கம் குடுத்திருக்கான் பாருங்க, நான் படிச்சுட்டு அரை மணி நேரம் சிரிச்சேன். நிலத்துலயோ தண்ணியிலயோ ஆகாயத்துலயோ போக உதவற எதுவும் வண்டி. அதுல எருமை, காளை, ஒட்டகம், கழுதை, யானை, குதிரை, கோவேறு கழுதை எல்லாம் அடக்கம். கழுதையே வண்டின்னா இருபத்தெட்டாயிரம் ரூபா எம்டிபி வண்டியா இல்லாம போகுமா? குத்தத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் பண்ணினா அது அரசாங்கச் சொத்து. ஈ.எம்.ஐ. மட்டும் நீங்க கட்டிக்கிட்டு இருக்கணும் :-)

இதுக்கு மேல, காட்டுக்குள்ள நுழையறதே ஒரு தனிக் குத்தம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882லேர்ந்து இருக்கு. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம காலை வெச்சாலே தப்பு, கையில ஒண்ணுமே இல்லாட்டியும். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில காட்டுத் தீயில மாட்டி இருபதுக்கும் மேல போய்ச் சேர்ந்தாங்க. அதுல நம்ம சென்னைப் பசங்களும் பொண்ணுங்களும் உண்டு. அதுக்கப்புறம் மலையேத்தத்துக்கே தனி விதிமுறை வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே நாப்பது பாதையைத் தொறந்து, ஆன்லைன்ல பணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோட போகலாம்னு ஏற்பாடு பண்ணியிருக்கு. அதுவும் கால்நடையா.

"காட்டுப்பன்னி பயிரை நாசம் பண்ணுதே மாமா, அந்த விவசாயி என்ன பண்ணுவான்?"னு மடக்கினான் பையன். விவசாயி கஷ்டம் நிஜம்தான், அதுல எனக்கு சண்டை இல்ல. அதுக்காகத்தான் 2025 ஜனவரியில தமிழக அரசு, காட்டு எல்லையிலேர்ந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னிகளை வனத்துறை ஆட்கள் சுடலாம்னு முடிவு பண்ணுச்சு. வனத்துறை ஆட்கள். ஓ.எம்.ஆர்.லேர்ந்து வீக்எண்டுக்கு வர்ற நாலு பேர் இல்ல. அதுவும் இவன் விவசாயிக்காகவா போறான்? இவன் கேட்டது முயல்.

உண்மையான வேட்டைக்காரங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். தலைமுறை தலைமுறையா பாம்பு புடிச்சவங்க. பாம்புத்தோல் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தினதும் ஒரே நாள்ல பொழப்பு போச்சு. 1978ல ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில அவங்களே கூட்டுறவு சங்கம் வெச்சாங்க. ஈ.சி.ஆர்.ல வடநெம்மேலியில இன்னிக்கும் நடக்குது. பாம்பைப் புடிச்சு, விஷம் எடுத்து, திரும்ப விட்டுடறாங்க. நம்மளை யாராவது கடிச்சா ஆஸ்பத்திரியில போடற மருந்துக்கு மூலப்பொருள் அதுதான்.

அந்த சமூகத்துலேர்ந்து மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேரை 2017ல ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டாங்க. அங்க எவர்கிளேட்ஸ்ங்கற சதுப்புக் காட்டுல பர்மா மலைப்பாம்பு பெருகி மத்த உயிரையெல்லாம் காலி பண்ணிக்கிட்டு இருந்துச்சு. உள்ளூர்க்காரங்க கார்ல, ஜீப்ல ரோடு ரோடா சுத்தித் தேடிப் பாத்தாங்க. நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் எறங்கி நடந்தாங்க. கையில ஒரு இரும்புக் கம்பி. தடம், எச்சம், புல் மடிஞ்சிருக்கற விதம், இதைப் பாத்தே போயி முதல் சில நாள்லயே பதிமூணு பாம்பு. அதுல ஒண்ணு பதினாறு அடி. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர்னு அவங்களை யாரும் கேக்கல.

இதைச் சொன்னப்போதான் பையன் முகம் லேசா மாறுச்சு. ஒண்ணைக் கவனிச்சானான்னு தெரியல, நான் கவனிச்சேன். வேட்டையே பொழப்பா இருந்தவங்க சட்டம் வந்ததும் பட்டினி கிடந்து, வேற வழி கண்டுபுடிச்சு, சட்டத்துக்குள்ள வாழறாங்க. மாசச் சம்பளம் வாங்கறவன் அதே சட்டத்தை ஏமாத்த சைக்கிள் தேடறான். எனக்கு வந்த கோவத்துல இதை சத்தமாவே சொல்லிட்டேன். தங்கமணி வந்து டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி மாமா, வேட்டை வேணாம். கேமராவோட போறேன். பறவை, மான்னு படம் எடுக்கறேன். அதுக்கு மௌண்டன் பைக் ஓகேதானே?"ன்னான்.

கேமராவோட போறது நம்ம பேட்டைக்குப் புதுசு இல்ல. மா. கிருஷ்ணன் வாழ்ந்தது இங்கதான், அந்தக் காலத்து எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, இப்போ ராதாகிருஷ்ணன் சாலை. நாவலாசிரியர் அ. மாதவையாவோட பிள்ளை. 1950லேர்ந்து 1996ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில காட்டு உயிர்களைப் பத்தி விடாம எழுதினவர். வேற வேற பாகங்களை ஒட்டிச் சேர்த்து அவரே ஒரு கேமரா பண்ணிக்கிட்டு, அதுக்கு 'சூப்பர் பாண்டெரோசா'ன்னு பேரும் வெச்சார். முதுமலையில படம் எடுக்க பழக்கின யானை மேல உக்காந்து போவார். மத்த நேரம் நடை. நாப்பத்தாறு வருஷ எழுத்துக்கும் படத்துக்கும் போதுமானதா இருந்துச்சு.

யானை நமக்குக் கட்டுப்படியாகாது. சைக்கிள்தான். ஆனா எந்த சைக்கிள்?

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2011ல நானும் ஒரு மௌண்டன் பைக் வாங்கினேன். தி.நகர்ல ஒரு கடை. கடைக்காரத் தம்பி ஃபோர்க்கை மேலயும் கீழயும் அழுத்தி அழுத்திக் காட்டினார், அது பொசுக் பொசுக்குன்னு அமுங்குச்சு, நான் மயங்கிட்டேன். பதினாலாயிரத்து ஐந்நூறு. முன்னாடி ஷாக், இருபத்தியொரு கியர், பட்டன் டயர். ஸ்டாண்டு இல்ல. மட்கார்டு இல்ல. கேரியர் இல்ல, மாட்டறதுக்கு ஃப்ரேம்ல ஓட்டையும் இல்ல. "சார், எம்டிபிக்கு அதெல்லாம் வராது சார்"னு ஒரு சிரிப்பு வேற.

அடுத்த ஜனவரியில ஒரு நண்பரோட வேடந்தாங்கல் கிளம்பினேன். மயிலாப்பூர்லேர்ந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல. விடியறதுக்குள்ள போயிடணும்னு ராத்திரி ரெண்டரைக்கே பொறப்பட்டோம். கேமரா, பெரிய லென்ஸ், ட்ரைபாட், தண்ணி எல்லாம் சேர்த்து பதினோரு கிலோ. சீட் குழாயில கவ்வற மாதிரி ஒரு கேரியர் தனியா வாங்கி மாட்டியிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டறதுக்குள்ள அது பக்கவாட்டுல திரும்பி, பை போய் டயர்ல உரச ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம் மொத்தமும் என் முதுகுல. போய்ச் சேர்ந்தப்போ மணி பத்து. நாரையும் கொக்கும் பாதி இரை தேடப் போயிட்டுது, வெயில் பளீர்னு அடிக்குது, ஒரு படம் உருப்படியா வரல.

திரும்பி வர்றப்போ படாளம் கூட்ரோட்டுக்கு முன்னாடி பின்சக்கரம் தள்ளாட ஆரம்பிச்சுது. அச்சு முறிஞ்சு போச்சு. ரோட்டோர பஞ்சர் கடையில ஒரு பெரியவர் கழட்டிப் பாத்துட்டு, "சார், இது நீட்டு அச்சு, நம்மகிட்ட கிடையாது. மெட்ராஸ்லதான் கிடைக்கும்"னுட்டார். சாதா சைக்கிள் அச்சு அவர்கிட்ட டப்பா நிறைய இருந்துச்சு. நாங்க முழிச்சுக்கிட்டு நிக்கறப்போ ஒருத்தர் பழைய சைக்கிள்ல ரெண்டு மூட்டை தவிடை வெச்சு மிதிச்சுக்கிட்டு வந்து நின்னார். என் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்தார். "இம்மாம் பெரிய சைக்கிளு, கேரியர் வைக்கலையா சார்?"

அவர் கிண்டல் பண்ணல. நிஜமாவே சந்தேகம். குட்டியானை ஒண்ணைப் புடிச்சு சைக்கிளோட தாம்பரம் வந்து சேர ஆயிரத்து இருநூறு. முதுகுவலிக்கு வைத்தியம் தனி.

அந்த அச்சு ஏன் முறிஞ்சதுன்னு அப்புறமா புரிஞ்சுக்கிட்டேன். விலை கம்மியான கியர் சைக்கிள்ல பின்பக்கம் ஆறு ஏழு பல்சக்கரத்தை ஒரே கட்டா ஃப்ரீவீல்னு திருகி வெச்சிருப்பான். அந்தக் கட்டுக்கு உள்பக்கமாத்தான் பால்ரஸ் உட்காரும். அங்கேர்ந்து ஃப்ரேம் வரைக்கும் வலது பக்கம் அச்சு அந்தரத்துல தொங்குது. பளுவும் பள்ளமும் சேர்ந்தா வளையும், அப்புறம் முறியும். ஒத்தைப் பல்சக்கரம் போட்ட பழைய சைக்கிள்ல அந்த இடைவெளியே கம்மி, அதனாலதான் தவிட்டு மூட்டைக்காரர் சிரிச்சுக்கிட்டே போனார். கியர் வேணும்னா கேசட்னு ஒண்ணு இருக்கு, அதுல பால்ரஸ் வெளி ஓரம் வரைக்கும் வந்துடும். கடையில மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது. ஷாக் எவ்ளோ அமுங்கும்னு இல்ல.

ஷாக் பத்தியும் சொல்லிடறேன். மௌண்டன் பைக்கைக் கண்டுபுடிச்ச கலிஃபோர்னியா பசங்ககிட்ட ஷாக்கே கிடையாது. 1970கள்ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் டமால்பைஸ்னு ஒரு மலை (பேரே பொருத்தமா இருக்கு). அதுலேர்ந்து முப்பது நாப்பது வருஷப் பழைய ஷ்வின் சைக்கிள்ல தடதடன்னு எறங்குவாங்க. கீழ வந்து சேர்றதுக்குள்ள பின் பிரேக் சூடாகி கிரீஸெல்லாம் புகையாப் போயிடும், திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதனாலதான் 1976ல அங்க ஆரம்பிச்ச பந்தயத்துக்கே 'ரீபேக்'னு பேரு. கடையில மொத்தமா செஞ்சு வித்த முதல் மௌண்டன் பைக் 1981ல ஸ்டம்ப்ஜம்பர். அதுலயும் ஷாக் இல்ல. தடிச்ச டயர், அகல ஹேண்டில்பார், நல்ல பிரேக், குறைஞ்ச கியர், இதுதான் அந்த வண்டியோட சாரம். நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க் அப்புறமா வந்துச்சு, அது விலையும் பயங்கரம். நம்ம பட்ஜெட்ல தர்றது வெறும் ஸ்பிரிங். சுமார் ரெண்டரை கிலோ கனம். நீங்க மிதிக்கிற மிதியில கொஞ்சம் அதை அமுக்கறதுலயே போகும். நம்ம ஊர் உப்புக்காத்துல ரெண்டாவது மழைக்காலத்துல என்னோடது துருப்புடிச்சு அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அது ரெண்டரை கிலோ இரும்பு, அவ்ளோதான்.

"சென்னை ரோட்டுப் பள்ளத்துக்கு ஷாக் வேணாமா?" வேணாம். நாப்பது மில்லிமீட்டர் டயரும், அளவாக் காத்தும், சீட்டுலேர்ந்து லேசா எழுந்து நிக்கற பழக்கமும் போதும். பட்டன் டயர் தார் ரோட்டுல போடற அந்த 'ஙொய்ய்ங்' சத்தம் வேற ஒண்ணும் இல்ல, உங்க மூச்சு வீணாப் போற சத்தம்.

மலைக்குப் போனாலும் இதேதான். ஏலகிரியில பதினாலு கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில எழுபது. எல்லாமே தார் ரோடு. நாம சட்டப்படி சைக்கிள்ல போகக்கூடிய மலையெல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். அதுக்கு வேண்டியது ஷாக் இல்ல, குறைஞ்ச கியர். முன்னாடி சின்ன பல்சக்கரம் இருபத்தெட்டு பல்லு, பின்னாடி பெருசு முப்பத்திநாலு, இந்தக் கணக்குல இருந்தா லக்கேஜோட மெதுவா ஏறிடலாம். எறங்கறப்போ டிஸ்க் பிரேக் நல்லது, இதை மட்டும் நான் ஒத்துக்கறேன். மழையில ரிம் பிரேக் வழுக்கும், நீளமான இறக்கத்துல ரிம் சூடாகும். பிரேக்குல காசு பாக்காதீங்க.

ஏற்கெனவே இருபத்தொன்பது இஞ்ச் எம்டிபி வாங்கிட்டு முழிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அந்த ரிம்மும் 700சின்னு சொல்ற ஹைப்ரிட் ரிம்மும் ஒரே விட்டம்தான், 622 மில்லிமீட்டர். ரிம் அகலத்தைப் பாத்துக்கிட்டு நாப்பத்தஞ்சு, ஐம்பது மில்லிமீட்டர்ல வழவழ டயர் மாத்தினீங்கன்னா பாதி பாவம் தீரும்.

போன ஞாயித்துக்கிழமை பையனோட கடைக்குப் போனேன். வேற கடை, ஆனா அதே ஃபோர்க் அழுத்தற வித்தை. தம்பி பொசுக் பொசுக்னு அழுத்த, பையன் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் வாயைத் தொறக்கல. அவனே, "அண்ணா, பின்னாடி கேசட்டா ஃப்ரீவீலா?"ன்னு கேட்டான். கடைத் தம்பிக்குத் தெரியல. உள்ள போய் மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்தார். மெக்கானிக் வயசானவர், ரத்தன் பஜார்ல தொழில் கத்துக்கிட்டவராம். பையனோட கேள்வியைக் கேட்டதும் நேரா மூலைக்குப் போய் தூசி படிஞ்ச ஒரு வண்டியை உருட்டிக்கிட்டு வந்தார். விறைப்பான ஃபோர்க், எட்டு பல்சக்கர கேசட், டிஸ்க் பிரேக், நாப்பத்திரெண்டு மில்லிமீட்டர் டயர், கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஃப்ரேம்லயே ஓட்டை. "இதை யாரும் கேக்கறதில்ல சார். பாக்க கெத்தா இல்லைன்னுடறாங்க."

எம்டிபியை விட மூவாயிரம் கம்மி. அந்தக் காசுல கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பின் லைட் எல்லாம் போட்டோம். கடைத் தம்பிக்கு என் மேல கோவம் போல, பெல்லுக்குத் தனியா நூத்தி இருபது வாங்கிட்டார்.

தர்மபுரிக்காரன் இன்னும் மெசேஜ் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கானாம். மத்த மூணு பேரும் நாலு இஞ்ச் டயருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சாம். நம்மாளு வர்ற சனிக்கிழமை விடிகாலையில பள்ளிக்கரணை போறான். உள்ள போகாம, ரோட்டோரத்துல நின்னே பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். அங்கேர்ந்தே நாமக்கோழி, நீலத்தாழைக்கோழியெல்லாம் நல்லாத் தெரியும். நானும் வரேன்னிருக்கேன். முதுகு ஒத்துழைக்கணும்.